ஓடும்போது வண்டி, நின்றால்தான் வீடு

கைப்பேசியைத் திறந்தால் யாராவது ஒருவர் பழைய பிக்கப் வண்டியின் பின்னால் பலகையடித்து, மெத்தை போட்டு, மஞ்சள் விளக்குத் தொங்கவிட்டு, கடற்கரையில் காப்பி கலக்கிக்கொண்டிருக்கிறார். பார்த்ததும் நமக்கும் ஆசை வருகிறது. நம்மில் பலருக்குக் 'கேரவன்' என்றால் சினிமா நட்சத்திரம் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் சந்துகளிலும் கிள்ளான் பட்டறைகளிலும் பாருங்கள். இருபது முப்பது ஆண்டுகள் பூ, வாழையிலை, சிமெண்டு, குழாய் என்று சுமந்து ஓய்ந்துபோன பிக்கப்புகள் வரிசையாக நிற்கின்றன. இவற்றில் ஒன்றைக் குடும்பப் பயண வண்டியாக மாற்றினால் என்ன?

மாற்றலாம், மாற்றவும் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ஓடும்போது அது வண்டி, நின்ற பிறகுதான் வீடு. இந்த ஒரு வரியை ஏற்றுக்கொள்ளாத குடும்பம் அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதே நல்லது. ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

நமக்குப் புதிதல்ல

வண்டியை வீடாக்குவது அமெரிக்கர்களின் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுக் கூண்டு வண்டியை எண்ணிப் பாருங்கள். வளைத்துக் கட்டிய மூங்கில், மேலே பாய், முன்னும் பின்னும் காற்று வர வழி. குடும்பமே ஏறி, குலதெய்வக் கோயிலுக்குப் போய், அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, இரவு தங்கித் திரும்பும். உள்ளே பரப்பிய வைக்கோல் உட்காருகிறவர்களுக்கு மெத்தை. போய்ச் சேர்ந்தபின் மாட்டுக்குத் தீனி. ஒரே பொருளுக்கு இரண்டு வேலை. இன்றைக்குக் கேம்பர் வடிவமைப்பாளர்கள் பக்கம் பக்கமாக எழுதும் பாடத்தை நம் முன்னோர் வைக்கோலிலேயே முடித்துவிட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸும் பயணத்தால் வளர்ந்த ஊர்தான். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, மரமும் அத்தாப்பும் போதாது, செங்கல் வேண்டும் என்ற நிலை வந்தது. அந்தச் செங்கல் சூளைகள்தாம் இந்த வட்டாரத்துக்குப் பெயர் கொடுத்தன. பின்னர் ரயில்வே வந்தது; ரயில்வே தொழிலாளர்களாகத் தமிழர்கள் வந்தார்கள்; குடியிருப்புகள் எழுந்தன. பழைய ரயில்வே நிலத்தில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. இன்று நாட்டின் எந்தத் திசைக்கும் இங்கிருந்து கிளம்பலாம். ஆனால் ஆறு பேர் கொண்ட குடும்பம், அதில் முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி, இரண்டு சிறுவர் என்றால் கிளம்புவது அவ்வளவு சுலபமில்லை. பள்ளி விடுமுறையில் இரண்டு அறை வேண்டும். மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு வேண்டும். கணக்குப் போட்ட மறுநிமிடமே "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று பேச்சு முடிந்துவிடும்.

பிக்கப்பில் வீடு கட்டிப் பயணம் போனவர்களில் உலகம் அறிந்தவர் ஜான் ஸ்டைன்பெக். 1960-இல், 58 வயதில், ஒரு ஜிஎம்சி பிக்கப்பின் மேல் சிறு அறையைப் பொருத்திக்கொண்டு, சார்லி என்ற நாயோடு அமெரிக்காவைச் சுற்றி வந்தார். வண்டிக்கு டான் குவிக்சோட் கதையில் வரும் குதிரையின் பெயரை வைத்தார்: ரோசினாந்தே. அந்தப் பயணம் 1962-இல் 'டிராவல்ஸ் வித் சார்லி' என்ற நூலானது. அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த வண்டியை இன்றும் கலிபோர்னியாவில் சாலினாஸ் நகரில் அவர் பெயரிலுள்ள மையத்தில் பார்க்கலாம். அவர் போனது தனியாக, ஒரு நாயோடு. நமக்கோ பாட்டி, தம்பி, தங்கை எல்லாரும் வர வேண்டும். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது.

"நாங்கல்லாம் போகலையா?"

எங்கள் வீட்டில் 1980-களின் டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்று நிற்கிறது. ஹைலக்ஸ் 1968-இல் ஜப்பானில் அறிமுகமான வண்டி. அன்று முதல் உலகமெங்கும் உழைக்கும் மக்களின் வண்டியாக இருக்கிறது. எங்களுடையது முன்னிருக்கை வரிசை மட்டும் உள்ள வகை. பெரியப்பா அதில் பல ஆண்டுகள் பூ ஏற்றினார். இப்போது அதை விற்பதா, வைத்திருப்பதா என்று வீட்டில் பேச்சு. மாற்றி அமைக்கலாம் என்று நான் சொன்னதும் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அடுத்த கேள்வியில்தான் கருத்து வேறுபாடு வந்தது: பயணத்தின்போது யார் எங்கே உட்காருவது?

"பின்னாலதான் மெத்தை போடப் போறோமே, பிள்ளைங்க படுத்துக்கிட்டே வரட்டும்" என்றார் பெரியப்பா. முடியாது என்றேன். "நாங்கல்லாம் எஸ்டேட் லோரியில பத்துமலைக்குப் போகலையா? நிக்க இடமில்லாம போனோம். என்ன ஆயிடுச்சு?"

அவர் சொல்வது உண்மை. தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்கு லோரிதான் பேருந்து. தைப்பூசம், கல்யாணம், படம், கடற்கரை எல்லாவற்றுக்கும் அதில்தான் போனார்கள். அந்த நினைவு எனக்கும் இனிக்கிறது. ஆனால் அவர்கள் லோரியில் போனது அது பாதுகாப்பு என்பதற்காக இல்லை. வேறு வழி கொடுக்கப்படாததால்தான். எங்களுக்கு வழி இருக்கிறது. இருக்கும்போது ஏன் பழைய ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டும்?

இயற்பியல் எளிமையானது. வண்டி மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் உள்ளே படுத்திருக்கும் தம்பியும் 80-இல் போகிறான். வண்டி திடீரென்று நின்றால் வண்டிதான் நிற்கும். அவன் நிற்க மாட்டான். படிவம் நான்கில் நியூட்டனின் முதல் விதியைப் படித்த எல்லாருக்கும் இது தெரியும். பலகைப் பெட்டி நொறுங்கும். அடுப்பும் பாத்திரமும் அவன்மேல் பறந்து விழும். நம் நாட்டில் பின்னிருக்கையிலும் இருக்கைப் பட்டை அணிவது 2009 ஜனவரி 1 முதல் கட்டாயம். சிறு பிள்ளைகளுக்கான தனி இருக்கை 2020 முதல் கட்டாயம். பிக்கப்பின் சரக்குப் பெட்டியில் ஆள் ஏற்றிப் போவதும் குற்றம்தான். மேலே கூரை போட்டதால் சரக்குப் பெட்டி பயணிகள் பெட்டி ஆகிவிடாது.

ஆகவே எங்கள் திட்டம் இது: பிக்கப்பில் பெரியப்பாவும் அப்பாவும் மட்டும். பாட்டி, அம்மா, தம்பி, தங்கை நால்வரையும் நான் மைவியில் அழைத்துப் போவேன். "இரண்டு வண்டியா? அப்புறம் என்ன மிச்சம்?" என்று கேட்கலாம். மிச்சம் இரண்டு அறைகளின் வாடகை. மிச்சம் மூன்று வேளைச் சாப்பாட்டுச் செலவு. பிக்கப் எங்களுக்குச் சமையலறை, சாமான் அறை, பாட்டிக்கும் அம்மாவுக்கும் படுக்கையறை. மற்றவர்கள் பக்கத்தில் கூடாரத்தில் படுப்போம்.

எடைக் கணக்கு

காணொளிகளில் மறைந்துபோகும் விஷயம் எடை. நம் நாட்டுச் சரக்கு வண்டிகளின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் இரண்டு எண்களைக் கவனித்திருப்பீர்கள். ஒன்று 'பெராட் தன்பா முவாத்தான்', அதாவது சுமையில்லாத எடை. மற்றொன்று 'பெராட் டெங்கான் முவாத்தான்', சுமையோடு சேர்ந்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்ற அனுமதியுள்ள பாரம். அதில் ஆட்களும் அடக்கம்.

எடுத்துக்காட்டாக, அந்த வித்தியாசம் 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை, நாலுக்கு எட்டு அடி, ஒன்று சுமார் 20 கிலோ. எட்டுப் பலகை என்றால் 160. சட்டமடிக்கும் மரமும் திருகாணியும் 80. முன்னால் இரண்டு பெரியவர்கள் 140. தண்ணீர் 60 லிட்டர் என்றால் அப்படியே 60 கிலோ. பேட்டரி 30. மெத்தை, பாத்திரம், அடுப்பு 80. நாற்காலி, கருவிகள் 50. ஐஸ் பெட்டியும் உணவும் 30. ஆறு பேர் துணிமணி 40. கூட்டினால் 670. எஞ்சியது 30 கிலோ. காணொளியில் பார்த்த கூரைக் கூடாரத்தை மேலே ஏற்றலாமா? அதன் எடை சுமார் 60 கிலோ. அனுமதியைத் தாண்டிவிட்டோம். இவ்வளவுக்கும் நாம் வைத்தது மிகச் சாதாரணமான பொருள்கள்தாம்.

தாண்டினால் என்ன ஆகும்? நாற்பது வயதை நெருங்கும் வண்டியின் பின் ஸ்பிரிங் பட்டைகள் தொய்யும். முன் சக்கரம் இலேசாகி ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. பிரேக் பிடித்தால் நிற்க அதிக தூரம் வேண்டும். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் பாதையில் இஞ்சின் சூடேறும். இறங்கும்போது பிரேக் சூடேறும். பழைய வண்டிகளில் ஏபிஎஸ் கிடையாது, காற்றுப்பை கிடையாது. வேகம் இரட்டிப்பானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீர்வு கடினமில்லை. 12-க்குப் பதில் 9 மில்லிமீட்டர் பலகை என்றால் ஒன்றுக்கு ஐந்து கிலோ குறையும். எட்டுப் பலகைக்கு 40 கிலோ மிச்சம். தண்ணீரை 20 லிட்டராகக் குறைத்து வழியில் நிரப்பிக்கொள்ளலாம். துணிப்பைகளை மைவியில் போட்டுவிடலாம். கனமான பொருள்களை அடியில், பின் அச்சுக்கு முன்பாக வைக்க வேண்டும். உயரே வைத்தால் வளைவில் வண்டி சாயும். பெட்டியைக் கட்டி முடித்ததும் பாரமெடை நிலையத்தில் ஒருமுறை நிறுத்தி எடை பார்த்துவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை.

நம் வெயிலுக்கு நம் வடிவம்

வெளிநாட்டுக் கேம்பர்கள் குளிரைத் தடுக்கக் கட்டப்படுகின்றன. சுவருக்குள் பஞ்சு, சின்னச் சன்னல், உள்ளே ஹீட்டர். அதை அப்படியே இங்கே நகலெடுத்தால் இட்லிப் பானைக்குள் படுத்தது போலிருக்கும். சமவெளியில் நம் இரவுகள் குளிராக இருப்பது அரிது. நமக்கு வேண்டியவை மூன்று: காற்று, நிழல், கொசுவலை.

கூண்டு வண்டியைப் போலவே எதிரெதிராக இரண்டு பெரிய திறப்புகள் வேண்டும். அவற்றில் நுண்ணிய வலை அடிக்க வேண்டும். டெங்கி நாட்டில் இதில் சமரசம் கூடாது. கூரைக்கு வெள்ளைப் பூச்சு. மழை பெய்தாலும் சன்னலைத் திறந்து வைக்கும்படி மேலே நீண்ட இறவாணம். பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் ஒரு கித்தான். அதன் கீழேதான் சமையலும் அரட்டையும்.

படுக்கை உயரத்தைப் பாட்டியின் முழங்கால்தான் முடிவு செய்ய வேண்டும். பிக்கப்பின் தளம் இடுப்பளவு உயரம். எனவே அகலமான இரண்டு படிகள், இரு பக்கமும் பிடித்து ஏறக் கைப்பிடி. இரவில் எழுந்தால் எட்டும் இடத்தில் விளக்கு. தங்கும் இடம் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டிலேயே மூத்தவருக்கு வசதியாக அமைத்தால் மற்ற எல்லாருக்கும் தானாக வசதியாகிவிடும்.

மின்சாரம், அடுப்பு, காற்று

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,200 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. சாதாரண ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆக, கையில் 600. இரண்டு சிறு மின்விசிறி, ஒவ்வொன்றும் 20 வாட், எட்டு மணி நேரம் ஓடினால் 320. விளக்குகளுக்கு 40. ஆறு கைப்பேசிகளுக்குச் சுமார் 90. மொத்தம் 450, இரவு கழிந்துவிடும். குளிர்சாதனம் வேண்டும் என்றால்? 700 வாட் கருவி ஒரு மணி நேரம்கூட ஓடாது. 100 வாட் சூரியத் தகடு நல்ல வெயில் நாளில் 300 முதல் 400 வாட்-மணி வரை தரும். இதையெல்லாம் கணக்கிடப் பொறியியல் பட்டம் தேவையில்லை. பெருக்கல் தெரிந்தால் போதும்.

அடுப்பு விஷயத்தில் மட்டும் கணக்கோடு கண்டிப்பும் வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில், படுக்கைக்கு அடியில் தேங்கும். எரியும்போது காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். இஞ்சினை ஓடவிட்டுக் காரில் தூங்கி உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஆகவே சமையல் எப்போதும் வெளியே. உள்ளே அடுப்பு எரியக் கூடாது, கொசுவர்த்திகூடக் கூடாது. தூங்கும் நேரத்தில் இஞ்சின் அணைந்திருக்க வேண்டும்.

சட்டத்தைக் கேட்டுவிட்டுச் சுத்தியலை எடுங்கள்

வண்டியின் அமைப்பை மாற்றுவது நம் விருப்பத்துக்கு மட்டும் உட்பட்டதல்ல. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனக் கட்டுமானம் பற்றிய 1959 விதிகளும் இருக்கின்றன. பின்பெட்டியில் நிரந்தரமாக ஒரு கூண்டைப் பொருத்துவது வேறு. தேவைப்படும்போது ஏற்றிக் கட்டி, வீடு திரும்பியதும் இறக்கி வைக்கும் பெட்டி வேறு. எதற்கு என்ன அனுமதி, என்ன சோதனை என்பதை ஜே.பி.ஜே. அலுவலகத்தில் வரைபடத்தோடு போய் முன்கூட்டியே கேட்பதுதான் முறை. காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்கும் நாளில்தான் சிக்கல் தெரியும்.

பெரியவர்களில் சிலருக்கு அரசாங்க முகப்பு என்றாலே தயக்கம். பாரம் நிரப்ப வேண்டுமே, மலாயில் விளக்க வேண்டுமே என்று தள்ளிப்போடுவார்கள். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, தேசிய இடைநிலைப்பள்ளி வழியாகப் பல்கலைக்கழகம் வந்திருக்கும் நாம் அந்த இடத்தில் பயன்பட வேண்டும். மூன்று மொழி தெரியும் என்று சொல்லிக்கொள்வது எதற்காக?

இரண்டு எதிர்வாதங்கள்

பழைய டீசல் வண்டி புகை கக்கும், சுற்றுச்சூழலுக்குக் கேடு என்பார்கள். நியாயமான வாதம். தினமும் ஓட்டுவதற்கு இது ஏற்ற வண்டியல்ல. ஆனால் ஆண்டுக்கு நாலைந்து பயணம், அதுவும் இஞ்சினைச் சரிபார்த்து, வடிகட்டிகளை மாற்றி ஓட்டினால் கேடு குறையும். அப்போதும் கரும்புகை வந்தால் அதை ஓட்டக் கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இதற்குச் செலவாகும் பணத்தில் நாலு முறை ஹோட்டலுக்கே போகலாமே என்பது இரண்டாவது. எல்லாவற்றையும் புதிதாக வாங்கி, ஆள் வைத்துக் கட்டினால் அப்படித்தான் ஆகும். அடித்தளம் துருப்பிடித்து உளுத்துப்போன வண்டியை மாற்றுவதும் பணத்தை ஆற்றில் போடுவதுதான். முதலில் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் அடியில் படுத்துப் பார்த்து, சேசிஸ், பிரேக், டயர் மூன்றும் நன்றாக இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஆசையை அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். வண்டி நன்றாக இருந்து, வீட்டிலேயே தச்சு வேலையும் ஒயரிங்கும் தெரிந்தவர்கள் இருந்தால் கணக்கு மாறும்.

நம் குடும்பங்களில் அப்படிப்பட்டவர்கள் இல்லாமலா போனார்கள்? ரயில் பெட்டிகளைப் பழுதுபார்த்த செந்தூல் பட்டறையில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! வெல்டிங் செய்யும் மாமா, ஒயரிங் செய்யும் சித்தப்பா, லோரி ஓட்டும் அண்ணன் எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் விருந்தாளி வந்தால் "என் மகன் யூனிவர்சிட்டியில படிக்கிறான்" என்று மட்டும்தான் சொல்கிறோம். திவெட் தொழிற்கல்விக்குப் போகும் பிள்ளையைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசுகிறோம். ஒரு பிக்கப்பைப் பயண வண்டியாக்கும் வேலையில் இந்த வரிசை தலைகீழாகிவிடும். அங்கே பட்டறைக்காரர்தான் ஆசிரியர், பட்டதாரி மாணவன். அளவு எடுப்பது அவர், எடை கணக்கிடுவது இவன். இருவரும் சேர்ந்தால்தான் வண்டி பத்திரமாகப் போய்த் திரும்பும்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படியொரு வண்டி நின்றால், இந்த வார இறுதியில் பலகை வாங்கக் கிளம்பாதீர்கள். முதலில் அதன் பக்கவாட்டில் எழுதியுள்ள இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை இருக்கைப் பட்டை என்று எண்ணுங்கள். இந்த இரண்டு கணக்கும் சரிவந்தால் பெரியவர்களோடு உட்கார்ந்து வரைபடம் போடுங்கள். வரைந்ததை எடுத்துக்கொண்டு ஜே.பி.ஜே.க்குப் போங்கள். முதல் பயணத்துக்கு மோரிப்போ போர்ட்டிக்சனோ போதும். யாராவது பின்னால் ஏறிப் படுத்துக்கொண்டே வருகிறேன் என்றால், பெரியவராக இருந்தாலும் மரியாதையோடு மறுத்துவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் ஆளாக அவருக்குத்தான் அந்த மெத்தை என்று சொல்லிவையுங்கள்.